பிறகு சேர்க்க முடியாதவை

வீடு கட்ட நினைக்கிறவர்களிடம் அதில் என்னென்ன வேண்டும் என்று கேட்டால் வருகிற பட்டியல் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், மணி கோத்த பூஜையறைக் கதவு, தெருவில் போகிறவர் நின்று பார்க்கும்படியான எலிவேஷன், டிவி மாட்டுவதற்கென்று ஓர் அலங்காரச் சுவர், பால்கனியில் ஊஞ்சல். இந்த ஆசைகளில் எதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு குடும்பம் இருபது வருஷத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறது என்றால், கண்ணுக்கு நிறைவாகச் சில பொருள்களைக் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. என் கவலை வரிசையைப் பற்றியது. இந்தப் பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குடிபோய் ஐந்து வருஷம் கழித்தும் வாங்கிச் சேர்க்கலாம். வீடு எந்தத் திசைக்கு முதுகைக் காட்டுகிறது, காற்று எந்த வழியில் நுழைந்து எந்த வழியில் வெளியேறுகிறது, தரைமட்டம் சாலையிலிருந்து எவ்வளவு உயரம், படிகளின் உயரம் என்ன, குளியலறை நிலை எவ்வளவு அகலம் என்பவற்றை அப்படிச் சேர்க்க முடியாது. சேர்ப்பதானால் சுவரை இடிக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாதவைதான் கனவு வீட்டுப் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். அவற்றை முடிவு செய்ய நம்மிடம் உள்ள நல்ல ஆதாரம் படங்களல்ல, நாம் வாழ்ந்து வந்த வீடுகளைப் பற்றிய நினைவுதான். இந்த இரண்டையும்தான் இங்கே வாதிடப் போகிறேன்.

நினைவை ஆதாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாடகைக்கு வீடு மாறி மாறி வளர்ந்தவர்களுக்குப் பழைய வீட்டின் சுவர் நிறம் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. மத்தியானம் எந்த மூலையில் பாயை விரித்தால் தூக்கம் வரும், பரீட்சை நேரத்தில் எந்த ஜன்னலடியில் விளக்குப் போடாமல் படிக்கலாம், மழை பெய்தால் எந்த அறையில் பாத்திரம் வைக்க வேண்டும், இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் எந்த வாசற்படியில் கால் இடிக்கும் என்பதெல்லாம் நாற்பது வருஷமானாலும் மறக்காது. நான் இருந்த வீடுகளும் எனக்குள் அப்படித்தான் தங்கியிருக்கின்றன. உடம்பு சேர்த்து வைத்த கணக்கு அது. பல வருஷங்கள், எல்லாப் பருவங்களிலும், எல்லா வயதினரையும் வைத்துச் செய்த சோதனையின் முடிவு என்றே அதைக் கொள்ளலாம். ஒரு மாதிரி வீட்டை அரை மணி நேரம் சுற்றிப் பார்ப்பதோ, போனில் நூறு படங்களைத் தள்ளிப் பார்ப்பதோ இதற்கு ஈடாகாது. படத்துக்கு வெப்பம் இல்லை, கொசு இல்லை, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் இல்லை.

பழைய தெரு வீடுகளின் ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு கதவுகள்: கீழே இரண்டு, மேலே இரண்டு, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். கீழ்க்கதவுகளைச் சாத்தித் தாழிட்டு மேற்கதவுகளைத் திறந்துவிட்டால், தெருவில் நடப்பவர் கண்ணில் உள்ளே படுத்திருப்பவர் பட மாட்டார். வெளிச்சமும் காற்றும் தலைக்கு மேலே வந்துகொண்டிருக்கும். தரையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற நேரத்தில் கீழ்க்கதவைத் திறந்துகொள்ளலாம். ஜன்னலின் அடிவிளிம்பும் அதற்கேற்பத் தாழ்வாக இருக்கும். இன்று பரவலாகப் போடும் நகரும் கண்ணாடி ஜன்னலில் ஒரு கண்ணாடி எப்போதும் இன்னொன்றின் பின்னால் நிற்கிறது. ஆறடி அகலத்துக்குச் சுவரைத் திறந்துவிட்டு மூன்றடிக்குத்தான் காற்றை விடுகிறோம். தெருவிலிருந்து உள்ளே தெரிகிறது என்று அதற்கும் திரை போட்டுவிட்டால் காற்று சுத்தமாக நின்றுவிடும். லிண்டலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரையும் எடுத்தாயிற்று. கூரையடியில் சேர்கிற சூடான காற்று வெளியேற வழியில்லை. கட்டுமானச் செலவில் ஜன்னல் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதன் இடமும் உயரமும் திறக்கும் விதமும் அந்த அறையில் முப்பது வருஷம் நடக்கப்போகிற தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

திசைக்கு வருகிறேன், என் வாதத்தின் கனமான பகுதி இதுதான். தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13½ பாகை வட அட்சரேகைக்குள் இருக்கிறது. இதனால் கத்திரி வெயில் அடிக்கிற மே மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து ஓடுகிறது. அந்த நாட்களில் நேர் தெற்கு பார்த்த சுவரில் வெயிலே படுவதில்லை. டிசம்பரில் தெற்கே வரும் சூரியனும் சென்னையில் உச்சிப்பொழுதுக்கு ஐம்பது பாகைக்கு மேல் உயரத்தில்தான் நிற்கிறது. இரண்டடி சன்ஷேடு ஒன்று, நாலடி உயர ஜன்னலின் பாதிக்கு மேல் நிழல் விழச்செய்துவிடும். மேற்கின் கதை வேறு. மே மாதத்து நாலு மணி வெயில் சாய்வாக வருகிறது. அதே இரண்டடி சன்ஷேடு மேற்கு ஜன்னலில் ஒன்றரை அடிக்கும் குறைவாகவே நிழல் தரும். மிச்சமுள்ள இரண்டரை அடி வழியாக வெயில் நேரே கட்டில் மேல் விழும். ஐந்து மணிக்கு நிலைமை இன்னும் மோசம். மேற்குச் சுவரில் படுக்கையறையை வைத்தவர்களின் நினைவைக் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: சாயங்காலம் சுவரில் கை வைக்க முடியாது, இரவு பதினொன்று வரை அது சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் படிக்கட்டையும் குளியலறையையும் அலமாரிகளையும் தள்ளிவிட்டால், வெயில் அவற்றில் அடித்துத் தீரும்; தூங்குகிற அறை தப்பித்துக்கொள்ளும். வரைபடத்தில் இதைச் செய்ய ஒரு பென்சிலும் ரப்பரும் போதும். கட்டிய பிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் முடியாது.

காற்றுக்கு இப்படி ஒரே விதி எழுத முடியாது, அது ஊரைப் பொறுத்தது. சென்னையில் கோடைப் பிற்பகலைக் காப்பாற்றுவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிற கடற்காற்று. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. ஆக, கோவைக்காரர் மேற்கை முழுதாக அடைத்துவிட்டால் வெயிலோடு காற்றையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார். அங்கே ஆழமான வராந்தாவோ, மரமோ, செங்கல் ஜாலியோ கேட்க வேண்டும். வெயிலை மறித்துக் காற்றை விடுகிற ஏற்பாடு எதுவானாலும் சரி. வாஸ்து பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். வடகிழக்கைத் திறந்து விடு, தென்மேற்கைக் கனமாக வை என்ற விதி, கிழக்குக் காற்றும் பிற்பகல் வெயிலும் உள்ள கீழ்க்கரை ஊர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதை மதித்துத்தான் சொல்கிறேன். ஆனால் நம் மனைக்கு முன்னால் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறதா, பக்கத்தில் குளம் இருக்கிறதா என்று எந்த விதிக்கும் தெரியாது. மனையை வாங்கியதும் காலை, பிற்பகல், முன்னிரவு மூன்று வேளையும் அங்கே போய் நின்று பார்ப்பதும், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவரிடம் எந்த ஜன்னலில் காற்று வரும் என்று கேட்பதும் எந்த நம்பிக்கைக்கும் விரோதமில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: பழைய வீடுகள் மேல் உள்ள ஏக்கத்தை அறிவு என்று தூக்கிப் பிடிக்கிறாய், நினைவு பொய் சொல்லும் என்று. இந்த மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். செட்டிநாட்டு வீட்டின் அடுத்தடுத்த கட்டுகளையும், உள்நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரையையும், முற்றத்தில் இறங்கும் மழையையும் வியக்கிறவர்கள், அவை பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய செல்வத்தில், பர்மாத் தேக்கில் எழுந்தவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்தது உண்மை. யார் திண்ணை வரை வரலாம், யார் தெருவோடு நிற்க வேண்டும் என்று சாதி வகுத்ததும் அதே திண்ணையில்தான். கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருந்தது. மழை இரவில் வயிற்று வலியோடு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு போன பெண்களிடமும் முதியவர்களிடமும் அந்த வீட்டின் அழகைப் பேச முடியாது. அடுக்களை பெரும்பாலும் இருண்டது, புகை மண்டியது. அதில் வேலை செய்தவர்கள் கூடத்துக் காற்றை அனுபவித்தது மிகக் குறைவு. ஆகவே பழையதை அப்படியே திரும்பக் கட்டுவது என் வாதமல்ல. நினைவில் இனிமையும் கசப்பும் சேர்ந்தே இருக்கின்றன, இரண்டுமே தகவல்கள். ஏக்கம் என்பது கசப்பை வடிகட்டிவிட்ட நினைவு. அதனால்தான் அது தவறான வீட்டைக் கட்டவைக்கும். தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முற்றம் இருந்த இடத்தில் கான்கிரீட்டை மூடிவிடுகிற வீடுகள் அப்படித்தான் பிறக்கின்றன.

கசப்பான நினைவைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய முதல் இடம் அடுக்களை. மேடையை மேஸ்திரி தன் வழக்கப்படி ஓர் உயரத்தில் கட்டிவிடுவார். கடப்பா கல்லை நிறுத்தி மேலே கிரானைட்டைப் படுக்கவைத்துவிட்டால் பிறகு மாற்றுவது உடைப்பதுதான். ஐந்தடிக்குக் குறைவான உயரமுள்ள பெண்ணுக்கு அந்த மேடை தோள்வலியைத் தரும். உயரமானவருக்கு முதுகுவலியைத் தரும். அதிகம் சமைக்கப்போகிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு விரல் கீழே சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொன்னால் முடிந்தது. அடுப்பின் மேல் வைக்கும் பாத்திரத்தின் உயரத்தையும் அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்: கரண்டி பிடிக்கிற கை தோளுக்கு மேலே போகக் கூடாது. அடுப்பு எரியும்போது மின்விசிறி போட முடியாது என்பதால், கூடத்தைவிட அடுக்களைக்குத்தான் எதிரெதிர்த் திறப்புகள் அதிகம் தேவை. ஆனால் நம் வரைபடங்களில் பெரும்பாலும் நல்ல காற்றுள்ள மூலை கூடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் அடுக்களையில் நிற்பவரைக் கேட்காமல் போட்ட பட்டியலை நான் குடும்பத்தின் பட்டியலாக ஏற்க மாட்டேன்.

அடுத்த மறுப்பு ஏசி. இத்தனை யோசனை எதற்கு, அறைக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் திசையாவது காற்றாவது என்கிறார்கள். நம் கோடை இரவுகள் பலருக்கு ஏசி இல்லாமல் தாங்க முடியாதவை ஆகிவிட்டன. வயதானவர், நோயாளி, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏசி செய்கிற வேலை, சுவரும் கூரையும் உள்ளே விடுகிற வெப்பத்தை வெளியே அள்ளிக் கொட்டுவது. எவ்வளவு குறைவாக உள்ளே வருகிறதோ அவ்வளவு குறைவாக அள்ளினால் போதும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து முன்னிரவில் கீழே இறக்குகிறது. அந்த நேரத்தில் மின்விசிறி சூட்டைத்தான் கலக்கிவிடும். பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, தட்டோடு பதித்து முடிப்பது. அது இன்று எல்லோருக்கும் கட்டாது. ஆனால் கான்கிரீட்டின் மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளமும் தட்டோடும் போடுவதும், மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பதும் இன்றும் கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலைதான். இதில் ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும்: வெள்ளைப் பூச்சைப் பிறகும் அடிக்கலாம், ஆகவே என் அளவுகோலின்படி அது பட்டியலில் கீழே போகலாம். சுவரின் திசை கீழே போகாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் மின்கட்டணம் எப்படி எகிறுகிறது என்பதை அனுபவித்தவர்களுக்கு, வெப்பத்தை முதலிலேயே உள்ளே விடாமலிருப்பதன் பொருள் விளங்கும். மின்சாரம் போன புயல் இரவுகளில் ஏசி வெறும் பெட்டி என்பதும் நினைவில் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று.

சென்னைக்காரர்களுக்குத் தரைமட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேல் புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை உயர, வாசலில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுகியவர்கள் அடுத்த வீட்டைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்பது பேஸ்மென்ட் உயரத்தைத்தான், அவர்கள் கேட்பது நியாயம். ஜாக்கி வைத்து முழு வீட்டையே தூக்குகிற வேலை இப்போது நடக்கிறதே, அப்படியானால் இதுவும் பிறகு சேர்க்கக்கூடியதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நடக்கிறது; தூக்கி முடிப்பதற்குள் தரையையும் குழாய்களையும் புதிதாகப் போட வேண்டிவரும். முதலிலேயே இரண்டடி மண் கூடுதலாக நிரப்பும் செலவு அதில் ஒரு சிறு பகுதி. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றாலும், ஒப்புதலுக்காக ஒரு குழாயைக் காட்டிவிட்டு மறந்துபோன வீடுகள் ஏராளம். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் சென்னையில் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். அது இறங்குவதற்குச் சிமென்ட் பூசாத மண் கொஞ்சம் மிச்சம் வேண்டும், அதையும் மனையில் கோடு போடுகிற அன்றே ஒதுக்க வேண்டும்.

இதெல்லாம் அரை ஏக்கர் உள்ளவனுக்கான பேச்சு, அறுநூறு சதுர அடி மனையில் முற்றத்துக்கும் மரத்துக்கும் எங்கே போவது என்பது எனக்குக் கவலை தருகிற மறுப்பு, ஏனென்றால் பெரும்பாலோர் நிலை அதுதான். இருபதுக்கு முப்பது மனையில் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். திறப்பு முன்னும் பின்னும்தான். ஆனால் அங்கேதான் வரிசை இன்னும் முக்கியமாகிறது, பிழைக்கு இடமில்லாததால். மாடிப்படி எப்படியும் வேண்டும். அதை வீட்டுக்கு நடுவில் வைத்து, உச்சியில் உள்ள படிக்கட்டு அறையில் நாற்புறமும் திறப்பு விட்டால், சூடான காற்று அந்த வழியாக மேலேறிப் போகும். கீழே வாசலிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று உள்ளே இழுபடும். ஒரு சதுர அடிகூட இழக்காமல் முற்றத்தின் வேலையில் பாதி நடந்துவிடும். செலவைப் பற்றிச் சொல்பவர்களுக்கு லாரி பேக்கரின் வேலை நல்ல பதில். 1945-இல் இந்தியாவுக்கு வந்து பிறகு திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அந்தக் கட்டடக் கலைஞர், செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். அதில் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகிறது, நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. ஜன்னல் மரத்துக்கும் கண்ணாடிக்கும் பதிலாகப் பல இடங்களில் செங்கல் ஜாலியையே வைத்தார். குளிர்ச்சியான வீடு கூடுதல் செலவு பிடிக்கும் என்ற எண்ணத்தை அவருடைய கட்டடங்கள் ஐயத்துக்கிடமில்லாமல் உடைத்துவிட்டன.

அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு வரைபடத்தில் கை வைக்க உரிமை இல்லை. தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. ஒரே விலைக்கு இரண்டு வீடு இருந்தால், இரு பக்கம் திறந்த மூலைவீட்டைப் பார்க்கலாம். மேற்குச் சுவர் யாருடையது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறதா, அடுக்களை ஜன்னல் திறந்தவெளியைப் பார்க்கிறதா, டக்ட்டைப் பார்க்கிறதா என்று கேட்கலாம். நீச்சல்குளம் உண்டா என்ற கேள்விக்கு முன்னால் இவை வரட்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, எனக்கே தோன்றுவது. நினைவு கடந்ததைத்தான் சொல்லும். கனவு வீடு வருங்காலத்துக்கானது. முப்பத்தைந்து வயதில் கட்டுகிறவருக்கு எழுபது வயது உடம்பின் நினைவு எங்கே இருக்கும்? அவருக்கு இல்லை, வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இருக்கிறது. ஏழு அங்குலத்துக்கு மேற்பட்ட படி முழங்காலை என்ன செய்யும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டரை அடி என்று சொல்லிப் போடுகிற குளியலறை நிலையில் இரு பக்கச் சட்டங்களும் போக இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மிஞ்சுகிறது. சக்கர நாற்காலி அதில் நுழையாது. மூன்றடி நிலை போட்டுவிட்டால் அந்த நாள் வரும்போது சுவரை உடைக்க வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டி ஒரு குளியலறை, சுவரில் பின்னால் கைப்பிடி பொருத்துவதற்கு வலுவான இடம், இவ்வளவுதான் கேட்க வேண்டியது. அந்த அறைக்குப் பெயர் வைக்காமல் விடுவதும் நல்லது. முதலில் குழந்தை படிக்கும், பிறகு யாராவது வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பார்கள், ஊரிலிருந்து அப்பா வந்தால் தங்குவார். மேற்கத்தி வெயில் படாத, இரண்டு ஜன்னலுள்ள, பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று இத்தனைக்கும் இடம் கொடுக்கும். இன்ஜினியரிடம் முதல் சந்திப்பில் கொடுக்கிற தாளில் எலிவேஷனுக்கு முன்னால் இந்த அறையை எழுதிக் கொடுக்கலாம்.